ஆரல்வாய்மொழி ஜன்னல்

சுகந்திக்கும் தண்டபாணிக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனதில்லை. வீட்டுக்கு என்ன நிறம் அடிப்பது? அவருக்கு வெள்ளை, சாம்பல், மிஞ்சிப் போனால் சந்தனம். பார்த்தால் கண்ணை உறுத்தக் கூடாது, துடைத்தால் பளிச்சென்று இருக்க வேண்டும். சுகந்திக்கு மாம்பழ மஞ்சள் பிடிக்கும். திரைச்சீலையில் பெரிய பெரிய பூக்கள் வேண்டும். சோபாவில் நாலு திண்டாவது கிடக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் சுவர் அவர் இஷ்டப்படி போகும். சுகந்தி வீம்புக்கு மஞ்சள் திரை வாங்கி மாட்டுவாள். அவர் அந்தப் பக்கம் பார்க்காமலே பேப்பர் படிப்பார்.

அதனால் உயிர்ப்பூச்சு என்று ஒன்று வந்திருக்கிறது, நிறமே தேர்ந்தெடுக்க வேண்டாம், வீடு தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டபோது இருவருக்குமே நிம்மதியாகத்தான் இருந்தது. கோயம்புத்தூர் முழுக்க அப்போது அதே பேச்சு. சிங்காநல்லூரில் அவர்கள் இருந்த அடுக்ககத்தில் பாதி வீடுகள் அதற்கு மாறிவிட்டிருந்தன.

பூச்சுக் கம்பெனியிலிருந்து ரெஹானா என்ற வடிவமைப்பாளர் வந்தாள். வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஹாலில் உட்கார்ந்து, சுகந்தி கொடுத்த காபியைக் குடித்தபடி விளக்கினாள்.

"கண் டாக்டர்கிட்டப் போனா கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டு, இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கான்னு கேப்பாங்கல்ல ஆன்ட்டி? இந்தச் சுவரும் அதையேதான் செய்யும். ஆனா உங்க வாயைக் கேக்காது. உங்க உடம்பைக் கேக்கும்."

"உடம்பையா?"

"ஆமா. உங்க நாடி, மூச்சு, கண்ணு எங்க போய் நிக்குது, எல்லாம் அதுக்குத் தெரியும். நிறத்தைத் துளி மாத்தும். ஒரு ஓரத்துல நிழல் போடும், ஒரு கோடு போடும். உங்களுக்கே தெரியாது. உங்க உடம்பு அடங்குச்சுன்னா அதை வெச்சுக்கும், இல்லைன்னா அழிச்சிரும். இப்படியே கொஞ்சம் கொஞ்சமா உங்க மனசுக்குப் பிடிச்ச வீட்டுக்கு வந்து சேர்ந்திரும்."

தண்டபாணி சிரித்தார். "எங்க ரெண்டு பேருக்கும் பிடிச்ச வீடு ஒண்ணா இருக்காதே அம்மணி."

"அதுக்குத்தானே அங்கிள் இது! ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கிற இடத்துல ரெண்டு பேருக்கும் ஒத்து வர்றதைத் தேடும். சில வீட்டுல படமா வரும். அலமாரி, ஜன்னல், மரம் இப்படி. தொட்டா வெறும் சுவர்தான்." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். எது யாரால வந்துச்சுன்னு பூச்சு சொல்லாது. எங்களாலயும் சொல்ல முடியாது. அதைக் கேட்டு மட்டும் போன் பண்ணாதீங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள் மாதிரி இருந்தது அவள் குரல்.

கிழக்குப் பக்கத்து அறைக் கதவைத் திறந்து, "இது யாரோடது?" என்று கேட்டாள். வெறும் அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர்.

சுகந்தி வாயைத் திறப்பதற்குள் தண்டபாணி, "என்ற ஆபீஸ் ரூமுங்க," என்றார்.

பம்ப்செட் கம்பெனி ஒன்றில் டிசைனராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இன்னும் சில கம்பெனிகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் அது ஆபீஸ் அறை ஆனது ஒரு வருடமாகத்தான். அதற்கு முன்னால் அது மகிழினியின் அறை.

மகிழினி அவர்களுடைய ஒரே பெண். காற்றாலைப் பராமரிப்பில் வேலை. ஆரல்வாய்மொழிப் பக்கம் அடிக்கடி போய் வந்தவள், ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னாள். கூட வேலை செய்யும் அமுதன் என்பவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன், அவருடைய மனைவி இறந்துவிட்டார், இதழி என்று ஒரு குழந்தை இருக்கிறது என்று.

"என்ற பொண்ணு போயி இன்னொருத்தி பெத்த பிள்ளைக்குத் தலை பின்னிக்கிட்டு இருக்கோணுமா?" என்றார் தண்டபாணி. "அவன் பிள்ளையப் பார்த்துக்க ஆள் தேடறான். அது கூடவா உனக்குப் புரியல?"

"அப்படி இல்லப்பா. நீங்க ஒருக்கா வந்து பாருங்க."

"அவன் வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்."

மகிழினி மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள். தட்டைக் கழுவி வைத்தாள். மறுநாள் கிளம்பிப் போய்விட்டாள். நாகர்கோவிலில் பதிவுத் திருமணம் நடந்தது. அது முடிந்து சில நாட்களில் தண்டபாணி ஆள் வைத்து அவள் கட்டிலையும் புத்தக அலமாரியையும் யாருக்கோ எடுத்துக் கொடுத்துவிட்டார். சுவருக்கு வெள்ளை அடித்தார். சுகந்தி மாதம் ஒரு முறை மொட்டை மாடிக்குப் போய் மகளோடு போனில் பேசிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு இறங்கி வருவாள். அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

பூச்சு அடித்து முடித்ததும் முதலில் மாறியது ஹால். மழையில் நனைந்த ஆற்று மணல் மாதிரி ஒரு நிறம் மெதுவாக ஊறி வந்தது. அதன்மேல் பிற்பகலில் மட்டும் இலை நிழல்கள் அசைந்தன. சாம்பலும் இல்லை, மஞ்சளும் இல்லை. இருவருக்கும் பிடித்திருந்தது. "இத்தன வருஷம் இது எங்கீங்க இருந்துச்சு?" என்று சுகந்தி ஆச்சரியப்பட்டாள். தண்டபாணி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இங்கயேதான் இருந்திருக்குதாட்ட இருக்குது," என்றார். கொஞ்ச நாள் அந்த வீட்டில் நல்ல சந்தோஷம்.

ஆனால் அடுக்ககத்தில் வேறு கதைகளும் காதில் விழ ஆரம்பித்தன. நாலாம் மாடி வாசுகி வீட்டுப் படுக்கையறையில் ஒரு ஓட்டல் அறை வந்தது. பச்சை விளக்கு, கடல் தெரியும் பால்கனி எல்லாம் அச்சாக. அவளும் அவள் புருஷனும் சேர்ந்து போன எந்த ஓட்டலும் இல்லை அது. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் சுவரைப் பார்த்தார்கள். மருமகள் வந்த பிறகு ஹால் கறுத்தால் பழி மருமகள் தலையில் விழுந்தது. விருந்தாளி வந்தால் சில பேர் அறைகளைப் பூட்டி வைத்தார்கள். யாரால் எது வந்தது என்று சுவர் சொல்லாததால் சண்டை ஓயவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கிழக்கு அறையைப் பெருக்கப் போன சுகந்தி துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் கத்திரிப்பூ நிறமாக மாறியிருந்தது.

மகிழினி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அந்த ஒரு சுவருக்கு மட்டும் கத்திரிப்பூ நிறம் வேண்டும் என்று அடம்பிடித்தாள். அவளுக்காகத் தண்டபாணி விட்டுக்கொடுத்தார். அப்பாவும் பெண்ணும் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உருட்டு பிரஷ்ஷால் அடித்தார்கள். உச்சியில் ஒரு சாண் பட்டை மிச்சம் இருக்கும்போது பெயிண்ட் தீர்ந்துபோனது. அடுத்து வாங்கிய டப்பா நிறம் ஒத்துவரவில்லை. "இருக்கட்டும்ப்பா, சட்டை போட்டு, காலர் வெள்ளையா விட்டாப்புல நல்லாத்தான் இருக்குது," என்று மகிழினி சொல்லிவிட்டாள். அந்தப் பட்டை அப்படியே நின்றுபோனது.

இப்போது பூச்சிலும் உச்சியில் அந்த வெள்ளைப் பட்டை இருந்தது.

பின்னால் தண்டபாணி வந்து நின்றார். வெகுநேரம் பார்த்தார். முகம் இறுகியது.

"உன்ற வேலைதான் இது," என்றார்.

"நான் என்னங்க பண்ணேன்?"

"இங்க வந்து நின்னு நின்னு அழுதிருப்ப. அதுதான் இப்படி வந்து நிக்குது. உள்ளதச் சொல்லு."

சுகந்திக்கு மறுக்கத் தோன்றவில்லை. ஏங்காத நாள் உண்டா என்ன? தன் நெஞ்சுக்குள் கிடந்ததைச் சுவர் எடுத்து வெளியே காயப் போட்டுவிட்டது என்று கூச்சமாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து அவள் அந்த அறைக்குள் போவதைக் குறைத்தாள். பெருக்கும்போதும் தலையைக் குனிந்துகொண்டு பெருக்கினாள். சமையலைப் பற்றியோ துணி மடிப்பதைப் பற்றியோ நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். அவரோ வழக்கம்போலத் தினமும் அங்கே போய் உட்கார்ந்து வரைபடம் போட்டார். என்னால் அந்த மனுஷன் தினமும் அந்தச் சுவரைப் பார்த்துக் குமைய வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு வருத்தம்.

சுவர் பழைய நிறத்துக்குத் திரும்பவில்லை. கடைசியில் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. உடுமலையில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாம். அவள் இல்லாவிட்டால் அவளுடைய ஏக்கமும் வீட்டில் இருக்காது, பூச்சு பழையபடி வெளுத்துவிடும். "அக்காவுக்கு மூட்டு வலிங்க, கூட இருந்துட்டு வரேன்," என்று சொல்லிக் கிளம்பினாள். ஃப்ரிட்ஜில் மாவு, குழம்பு எல்லாம் வைத்துவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தபோது நடுப்பகல். தண்டபாணி வீட்டில் இல்லை, பேங்க் வேலையாகப் போயிருந்தார். சுகந்தி பையைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கிழக்கு அறைக் கதவைத் திறந்தாள்.

கத்திரிப்பூ நிறம் போகவில்லை. சுவரோரம் மகிழினியின் கட்டில் நின்றது, ஒரு கால் ஓரத்தில் கீறலோடு. மேலே புத்தக அலமாரி. அதில் அவள் படித்த பாடப் புத்தகங்கள் முதுகு கிழிந்தபடி. பக்கத்தில் அவளுடைய பழைய நாற்காலி, அதன் முதுகில் பள்ளிக்கூடத் துப்பட்டா. எல்லாமே சுவருக்குள். தெரிந்தும் மனசு கேட்காமல் சுகந்தி ஒரு புத்தகத்தை எடுக்கக் கையை நீட்டினாள். விரல் முட்டி சுவரில் இடித்தது.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. தான் இத்தனை நாளும் உடுமலையில் அல்லவா இருந்தோம்? இந்த வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

அவள் அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் திரை முன்னால் இருந்தது. ஆனால் நாற்காலி சுவரைப் பார்த்தபடி திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

மாடிக்குப் போகாமல் அங்கிருந்தே மகிழினிக்குப் போன் போட்டாள்.

"அப்பா உன்னையவே நினைச்சுட்டு இருக்காரு, கண்ணு."

"சொன்னாரா?"

"அவரு எங்க சொல்றாரு. சுவரு சொல்லுச்சு." நடந்ததையெல்லாம் சொன்னாள்.

மறுமுனையில் காற்று இரைந்தது. பிறகு மகிழினி சொன்னாள்: "எனக்கும் ஓடி வரணும் போலத்தான் இருக்குதும்மா. ஆனா சுவர் கூப்பிட்டு நான் வந்தா, அவர் கூப்பிட்டதா ஆகாது. நாளைக்கே நான் கூப்பிடவே இல்லைன்னு சொல்லிடுவாரு. அப்பாவை ஒரு வார்த்தை கூப்பிடச் சொல்லுங்க. ஒரே வார்த்தை."

தண்டபாணி வெயிலில் வியர்த்து வந்தார். சுகந்தி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் கண் கிழக்கு அறைப் பக்கம் போனது. கதவு திறந்திருந்தது.

"பார்த்தியா," என்றார் அவசரமாக. "நீ போயும் உன்ற ஏக்கம் போகல. வீடெல்லாம் படிஞ்சு கெடக்குது."

சுகந்தி அவரை நேராகப் பார்த்தாள். "நான் அக்கா வீட்டுல இருந்தேனுங்க," என்றாள்.

வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் சண்டைக்கு வந்திருப்பார். அவர் மோரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. பிறகு டம்ளரோடு கிழக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை சுகந்தி சமையலறையில் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது அவர் குரல் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

"அம்மணி... அப்பா பேசறேன்." நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "உன்ற ரூமு இருக்குது. வா."

அவ்வளவுதான். ஆனால் போனை வைத்த பிறகு அவர் மூக்கைச் சிந்துகிற சத்தம் சமையலறை வரை வந்தது.

மகிழினி அந்த வாரமே வந்தாள், தனியாக. குழந்தைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்றாள். முதலில் நான் மட்டும் போய்ப் பார்க்கிறேன் என்று அவள் நினைத்திருப்பாள் என்பது சுகந்திக்குத் தெரியும். கிழக்கு அறைக்குள் போய் நின்று அந்தச் சுவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். வெள்ளைப் பட்டையைப் பார்த்ததும் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. தண்டபாணி வாசலில் நின்றுகொண்டு, "கட்டில் ஒண்ணு வாங்கோணும்," என்றார் யாரிடமோ சொல்வதுபோல. மாலைக்குள் கட்டில் வந்துவிட்டது.

சுகந்திக்கு அந்த நாட்கள் எப்படிப் போயின என்றே தெரியவில்லை. தினமும் ஒரு பலகாரம். அப்பாவும் பெண்ணும் காற்றாலை இறக்கைகளைப் பற்றியும் மோட்டார்களைப் பற்றியும் பேசித் தீரவில்லை. ஒரு பேச்சை மட்டும் இருவரும் தொடவில்லை. மகிழினி போன் பேசப் பால்கனிக்குப் போவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். அந்த நேரங்களில் தண்டபாணி டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வார். சுகந்தி மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்: இவள் இன்னும் கொஞ்ச நாள் இருப்பாள், மாதா மாதம் வருவாள், உடுமலைப் பக்கம் புதிதாகக் காற்றாலை போடப் போகிறார்கள் என்று பேப்பரில் வந்ததே, வேலையையே இந்தப் பக்கம் மாற்றிக்கொள்ளக் கூடாதா?

ஒரு காலை மகிழினி குளிக்கப் போயிருந்தபோது, படுக்கை விரிப்பை மாற்றலாம் என்று சுகந்தி அறைக்குள் போனாள்.

கத்திரிப்பூ நிறம் வெளுத்திருந்தது. பழைய கட்டிலும் அலமாரியும் கரைந்துகொண்டிருந்தன. அவை இருந்த இடத்தில் ஒரு ஜன்னல். சுவரில் பாதி அகலத்துக்கு, கம்பியில்லாத பெரிய ஜன்னல். அதற்கு அப்பால் கருநீல மலை, மலையடிவாரத்தில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள். அத்தனையும் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன. ஜன்னலுக்குக் கீழே, இடுப்பு உயரத்துக்கு, கிரேயான் கிறுக்கல்கள். ஒரு மீன். நாலு கால் உள்ள சூரியன். மேலே ஒரு கயிற்றில் சின்னப் பாவாடை ஒன்று காய்ந்தது.

சுகந்தி புதுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பெண் இங்கே இருந்துகொண்டு அங்கே ஏங்குகிறாள். முறுக்கும் அதிரசமும் தின்றுகொண்டே, அப்பாவோடு சிரித்துக்கொண்டே, ராத்திரி கண்ணை மூடினால் அந்தப் பிள்ளையின் பாவாடையைத் தேடுகிறாள். இதில் கோபப்பட எதுவுமில்லை என்று தெரிந்தது. தெரிந்தும் வலித்தது.

அவர் இதைப் பார்த்தால் என்ன ஆகும் என்ற பயம் அப்புறம்தான் வந்தது. பீரோவிலிருந்து ஒரு போர்வையை எடுத்துவந்து ஜன்னலை மறைக்க நாற்காலி மேல் ஏறினாள். ஆணி எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் தண்டபாணியின் செருப்புச் சத்தம்.

"கீழ எறங்கு. விழுந்து கிழுந்து வெக்கப் போற."

அவள் இறங்கினாள். போர்வை கையில் தொங்கியது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகிழினியும் ஈரத் தலையோடு வந்து வாசலில் நின்றுவிட்டாள். "அப்பா, நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தாள்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே குந்தி உட்கார்ந்தார். கிரேயான் மீனை உற்றுப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். எழுந்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்ப்பவர் போலச் சுவருக்குப் பக்கத்தில் போய் மேலே பார்த்தார்.

"மேல சன்ஷேடு இல்லையே, அம்மணி," என்றார். "மேல்காத்துல சாரல் அடிச்சா எல்லாம் உள்ள வருமே. அவரு கவனிக்கலையா?"

மகிழினி அம்மாவைப் பார்த்தாள். அந்த வீட்டில் அமுதன் இதுவரை 'அவன்'தான்.

"இல்லப்பா," என்றாள் கம்மிய குரலில். "நீங்க வந்து சொன்னாத்தான் உண்டு."

ஆனி மாதம், காற்று உச்சத்தில் இருக்கும்போது அவர்கள் ஆரல்வாய்மொழிக்குப் போனார்கள். வண்டியை விட்டு இறங்கும்போதே சுகந்தியின் சேலை பறந்தது. அமுதன் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டான். மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள மனிதன். "வாங்க மாமா, வாங்க அத்தை" என்பதற்கு மேல் அவனுக்குப் பேச்சு எழவில்லை.

உள்ளே போனதும் சுகந்தியின் கண் ஜன்னலைத்தான் தேடியது. இருந்தது. ஒரு அலமாரிக் கதவளவுதான் இருந்தது. துருப்பிடித்த கம்பி போட்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரிந்தது. தலையை நன்றாகச் சாய்த்துப் பார்த்தால் ஒரே ஒரு காற்றாலையின் பாதி இறக்கை வந்து வந்து போனது. சுவர் அழுக்கேறி, எண்ணெய்ப் பிசுக்கோடு, அங்கங்கே உதிர்ந்திருந்தது. கிறுக்கல்கள் மட்டும் உண்மை. சிங்காநல்லூர் சுவரில் வந்தது இந்த வீடு அல்ல, மகிழினி இதைப் பார்த்த விதம் என்று சுகந்திக்குப் புரிந்தது. காற்று ஜன்னல் பலகையைத் தடதடவென்று உலுக்கியது. சுவரில் பார்த்தபோது இந்தச் சத்தம் இல்லை.

ஃப்ரிட்ஜுக்கு மேலே ஒரு சின்னப் படம் இருந்தது, இளம்பெண் ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துச் சிரிக்கிற படம். படத்தில் இருந்த குழந்தை இப்போது வளர்ந்து, கதவுக்குப் பின்னால் நின்று இவர்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தண்டபாணி கூப்பிட்டார், மிட்டாய்ப் பொட்டலத்தை ஆட்டிக் காட்டினார். இதழி வரவில்லை. அவருக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் தளரவில்லை. வீட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பெரிய ஜன்னல் போடலாம், சன்ஷேடு வைக்கலாம், சமையல் மேடையை உயர்த்தலாம் என்று சொல்லிக்கொண்டே போனவர், உற்சாகத்தில், "இந்தச் சுவரையெல்லாம் சொறண்டிட்டு உயிர்ப்பூச்சு அடிச்சுத் தரேன் அம்மணி. அப்பாவோட சீதனம்னு வெச்சுக்க," என்றார்.

அமுதன் மகிழினியை ஒரு தரம் பார்த்தான். "டீ போடுகேன்," என்று உள்ளே போய்விட்டான்.

"அது மட்டும் வேண்டாம்ப்பா," என்றாள் மகிழினி.

"ஏன்? அது இல்லாட்டி நானும் நீயும் இன்னைக்குப் பேசிட்டு இருப்பமா?"

இதழி வாசலுக்கு ஓடும் வரை மகிழினி காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அவளுக்கு அவங்கம்மா முகம் சரியா நினைவில்லப்பா. ஆனா அவ உடம்புக்கு நினைவிருக்கும். இவருக்கும் இருக்கும். பூச்சு அடிச்சா கொஞ்ச நாள்ல இந்த வீடு பூரா அவங்கதான் வருவாங்க. அவங்க வாங்கின திரை, அவங்க கோலம், அவங்க அடுக்கி வெச்ச பாத்திரம். அது தப்பில்ல. ஆனா அந்த வீட்டுக்குள்ள நான் தினமும் எந்திரிச்சு அடுப்புப் பத்த வைக்கணுமே."

தண்டபாணி ஃப்ரிட்ஜுக்கு மேலிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இவங்க ரெண்டு பேரும் ஏங்கறது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும். அதை நாங்க பார்த்துக்கறோம். சுவரு வந்து நடுவுல நிக்க வேண்டாம்." அவள் சுகந்தியின் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு உங்க சுவர்ல எங்க ஜன்னல் வந்துச்சே, உங்களுக்கு எப்படிம்மா இருந்துச்சு?"

சுகந்தி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். பிறகு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பெண் இத்தனை நாளாக இதையெல்லாம் தாங்கிக்கொண்டுதான் போனில் சிரித்திருக்கிறாள்.

மறுநாள் காலை தண்டபாணி, "அப்ப வெறும் பெயிண்டே அடிப்போம்," என்று கிளம்பிவிட்டார். கடைவீதியில் ஒரு இரும்புக் கடையில் பெயிண்ட்டும் வைத்திருந்தார்கள். எல்லோருமாகப் போனார்கள். இதழி மகிழினியின் விரலைப் பிடித்துக்கொண்டு, தண்டபாணியிடமிருந்து ஒரு ஆள் தூரம் தள்ளியே நடந்தாள்.

கடைக்காரர் நிறம் பூசிய பலகைகளை எடுத்துச் சாய்த்து வைத்தார். தண்டபாணி சந்தனப் பலகையைத் தட்டிப் பார்த்தார். சுகந்தியின் கை தன்னை அறியாமல் மஞ்சளுக்குப் போனது. இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். அமுதன் எதுவானாலும் சரி என்றான்.

இதழி விரலை விடுவித்துக்கொண்டு முன்னால் வந்தாள். வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தாள். கடைசியில் பஞ்சு மிட்டாய் ரோஸில் ஒரு பலகை இருந்தது. அதன்மேல் கையை வைத்தாள்.

"இதா சாமி?" என்றார் தண்டபாணி. "கண்ணக் கூசுமே. வேற ஒண்ணு பாரேன்."

"இதுதான். எங்கம்மைக்கு இதுதான் பிடிக்குமாம். அப்பா சொல்லியிருக்கு."

அமுதன் தலையைக் குனிந்துகொண்டான். சுகந்தி மகிழினியைப் பார்க்க அஞ்சி, பார்த்தாள்.

மகிழினி குனிந்து அந்தப் பலகையைக் கையில் எடுத்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு அந்த நிறம் துளியும் பிடிக்கவில்லை என்பது பெற்றவளுக்குத் தெரிந்தது.

"நல்ல நிறம் கண்ணு," என்றாள் இதழியிடம். பிறகு கடைக்காரரிடம் திரும்பினாள். "அண்ணாச்சி, இதுல பெரிய டப்பாவாக் கொடுங்க. பட்டை விடாம, உச்சி வரைக்கும் அடிக்கணும்."